பேஸ்பால் ஸ்டாட்ஸை கேம் ரேட்டிங்கா மாத்துறது எப்படி: அடிக்கடி வர்ற கேள்விகள்

பழைய பேஸ்பால் வீடியோ கேம்களுக்கு ராஸ்டர் (ஆட்டக்காரங்க பட்டியல்) பண்றது எனக்கு ரொம்ப நாள் பொழுதுபோக்கு. நிஜ சீசன் நம்பரை எடுத்து 0-லேருந்து 99 வரைக்கும் ரேட்டிங்கா மாத்தி கேமுக்குள்ள ஏத்துறதுதான் வேலை, கேக்க ஈஸியா இருக்கும், உக்காந்தா ராத்திரி ரெண்டு மணி ஆயிடும். இதுல புதுசா இறங்கறவங்க கேக்குறது எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதனால இங்க எழுதி வச்சுடறேன். உதாரணத்துக்கு பெரும்பாலும் 2004 சீசனை எடுத்திருக்கேன், ஏன்னு கொஞ்ச நேரத்துல தெரியும்.

கே: எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். பேஸ்பால் ஆவரேஜை எப்படி படிக்கறது?

கிரிக்கெட் ஆவரேஜை மறந்துடுங்க, ரெண்டுக்கும் பேர் மட்டும்தான் ஒண்ணு. இங்க பந்து வீசறவன் பிட்சர். பந்தை அடிச்சுட்டு ஓடி பேஸுக்கு (மைதானத்து மூலைல இருக்கற இடம்) பத்திரமா போய்ச் சேந்தா ஹிட், வேலியைத் தாண்டி அடிச்சா ஹோம் ரன், பேட்டிங்குக்கு வந்து ஹிட்லயோ அவுட்லயோ முடிஞ்ச தடவை அட்-பேட். ஹிட்டை அட்-பேட்டால வகுத்தா வர்றது ஆவரேஜ். .300-னா ஆயிரத்துக்கு முந்நூறு, அது நல்ல பேட்டர். நாலு தப்பு பந்து வந்து சும்மா நடந்து போனா அது வாக், அட்-பேட் கணக்குல சேராது. வாக்கையும் சேத்து மொத்தமா எத்தனை தடவை வந்து நின்னான்ங்கறது ப்ளேட் அப்பியரன்ஸ். ஸ்ட்ரைக்அவுட்னா பந்தை ஆட்டத்துக்குள்ளயே கொண்டு வராம அவுட் ஆறது. பிட்சரோட ஈஆர்ஏன்னா ஒம்போது இன்னிங்ஸுக்கு அவன் பேர்ல எத்தனை ரன். இவ்ளோ போதும், மீதி போகப்போக வந்துடும்.

கே: பேட்டிங் ஆவரேஜை கான்டாக்ட் ரேட்டிங்காவும் ஹோம் ரன்னை பவர் ரேட்டிங்காவும் போட்டா முடிஞ்சுது, இதுல என்ன பெரிய கஷ்டம்?

எல்லாரும் முதல்ல இதைத்தான் பண்றோம், நானும் பண்ணேன். எங்க உதைக்குதுன்னு 2004-ஐ வச்சு பாருங்க.

சியாட்டில்ல ஆடுன இச்சிரோ அந்த வருஷம் 704 அட்-பேட்ல 262 ஹிட், ஆவரேஜ் .372. ஒரே சீசன்ல அவ்ளோ ஹிட் அடிச்சது அன்னிக்கு புது ரெக்கார்டு. சான் பிரான்சிஸ்கோல பேரி பாண்ட்ஸ் 373 அட்-பேட்ல 135 ஹிட், ஆவரேஜ் .362. பத்து பாயின்ட்தான் (.001 ஒரு பாயின்ட்) வித்தியாசம், அதனால ரெண்டு பேருக்கும் கான்டாக்ட் கிட்டத்தட்ட ஒண்ணா போட்டுடலாம்னு தோணும். ஆனா இச்சிரோ அடிச்ச ஹோம் ரன் 8, பாண்ட்ஸ் 45. பாண்ட்ஸோட 135 ஹிட்ல மூணுல ஒண்ணு வேலியைத் தாண்டி போனது. அந்த 45-ஐ ஆவரேஜ் வழியா கான்டாக்ட்லயும் சேத்து, பவர்லயும் திருப்பி சேத்தா, ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவை கூலி குடுத்த மாதிரி. கேம்ல அவன் .420 அடிப்பான், நீங்க கேம் சரியில்லைன்னு திட்டுவீங்க.

இப்ப மூணாவது ஆள், சின்சினாட்டி ஆடம் டன். 568 அட்-பேட், 46 ஹோம் ரன், ஆவரேஜ் .266, ஸ்ட்ரைக்அவுட் 195. அந்த 195-ம் அப்ப ஒரு ரெக்கார்டுதான், சந்தோஷப்பட வேண்டிய ரெக்கார்டு இல்ல. பாண்ட்ஸுக்கும் இவனுக்கும் ஆவரேஜ்ல கிட்டத்தட்ட நூறு பாயின்ட் வித்தியாசம். சரி, ஸ்ட்ரைக்அவுட்டையும் ஹோம் ரன்னையும் எடுத்துட்டு, மைதானத்துக்குள்ள விழுந்த பந்துல எத்தனை ஹிட் ஆச்சுன்னு மட்டும் பாருங்க. பாண்ட்ஸுக்கு .310, டன்னுக்கு .321 கிட்ட. டன் மேல! நூறு பாயின்ட் வித்தியாசம் மொத்தமும் எங்கேருந்து வந்துச்சுன்னா, ஒருத்தன் 41 தடவை ஸ்ட்ரைக்அவுட், இன்னொருத்தன் 195 தடவை, அவ்ளோதான். இதே கணக்குல இச்சிரோ .399. அவன் தரையில தட்டிட்டு ஓடியே ஹிட் ஆக்கறவன்.

ஆவரேஜ்ங்கறது குழம்பு. கேம் எஞ்சினுக்கு குழம்பைக் குடுக்கக் கூடாது, புளி எவ்ளோ உப்பு எவ்ளோன்னு தனித்தனியா குடுக்கணும், குழம்பு வைக்கறது எஞ்சின் வேலை.

கே: அப்ப எந்த ரேட்டிங்குக்கு எந்த நம்பர்?

நான் பண்றது இப்படி. முதல்ல ஸ்ட்ரைக்அவுட்டை ப்ளேட் அப்பியரன்ஸால வகுக்கறது: இச்சிரோ 8.3%, டன் 28.6%, பாண்ட்ஸ் 6.6%. இது கேம்ல விஷன், அவாய்ட் கே (இந்த கே-ன்னா ஸ்ட்ரைக்அவுட்), அது மாதிரி என்ன பேர்ல இருக்கோ அதுக்குப் போகும். அடுத்து வாக், இது ஐ (கண்) அல்லது டிசிப்ளின். பவருக்கு ஹோம் ரன்னை அட்-பேட்டால வகுக்காம, அட்-பேட்ல ஸ்ட்ரைக்அவுட்டைக் கழிச்சு, அதாவது பேட்ல பட்ட பந்தால வகுங்க. டன் 12.3%, பாண்ட்ஸ் 13.6%, இச்சிரோ 1.2%. அந்த வருஷம் லீக் மொத்தத்துக்கும் இது 4% பக்கம். பட்டா டன்னும் பாண்ட்ஸ் அளவுக்கு கிட்டத்தட்ட தூரம் அடிப்பான், பிரச்சனை படறதுதான்னு இதுல பளிச்சுனு தெரியுது பாருங்க. கடைசியா உள்ள விழுந்த பந்துல ஹிட் ஆறது, இதுதான் நிஜமான கான்டாக்ட்ங்கறது என் கட்சி.

சில பழைய கேம்ல கான்டாக்ட், பவர்னு ரெண்டே ரெண்டு கட்டம்தான் இருக்கும். அப்ப வேற வழி இல்ல, ஸ்ட்ரைக்அவுட்டையும் உள்ள விழுந்த ஹிட்டையும் சேத்து கான்டாக்ட்ல போடுங்க, ஹோம் ரன்னை மட்டும் அதுல சேக்காதீங்க.

கே: சரி, 12.3% வந்துடுச்சு. அது 99-க்கு எத்தனை?

லீக் சராசரி எவ்ளோ, ஆளுக்கு ஆள் எவ்ளோ விலகுறாங்கன்னு (ஸ்ப்ரெட்ஷீட்லயே ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஃபங்ஷன் இருக்கு) ரெண்டும் கண்டுபிடிங்க. சராசரி ஆளுக்கு 50, ஒரு டீவியேஷன் மேல போனா கூட ஒரு பத்து இல்ல பதினஞ்சு. நிஜ பேஸ்பால் ஸ்கவுட்டுங்களும் இதே மாதிரிதான், 20-லேருந்து 80 வரைக்கும் ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, 50 சராசரி, ஒவ்வொரு பத்தும் ஒரு டீவியேஷன். அவுட் ஆஃப் தி பார்க் கேம் ஆடினவங்களுக்கு இந்த 20-80 பழக்கமா இருக்கும்.

இங்க ஒரு குழி இருக்கு, நானே விழுந்தது. சராசரி எடுக்கும்போது லீக்ல பேட் பிடிச்ச எல்லாரையும் சேத்துட்டேன். அமெரிக்க பேஸ்பால்ல நேஷனல், அமெரிக்கன்னு ரெண்டு லீக். 2004-ல நேஷனல் லீக்ல பிட்சரும் பேட்டிங் பண்ணணும், ரெண்டு லீக்லயும் நிரந்தரமா அவங்களுக்கு பதில் டிஎச் (பேட்டிங் மட்டும் பண்ற ஆள்) வந்தது 2022-லதான். பிட்சருங்க பேட்டிங் நம்ம ஊர் பதினோராவது ஆள் பேட்டிங் மாதிரி, அவங்க சராசரியை கீழ இழுத்துட்டாங்க, என் ராஸ்டர்ல சுமாரான ஆளெல்லாம் 65, 70-னு ஜொலிச்சானுங்க. பிட்சரை எடுத்துட்டு, ஒரு இருநூறு முந்நூறு ப்ளேட் அப்பியரன்ஸாவது ஆடினவங்களை மட்டும் வச்சு சராசரி எடுங்க.

கே: 99-ஐ தாண்டி போறவனை என்ன பண்றது?

பாண்ட்ஸ் கேள்வின்னே இதுக்கு பேர் வைக்கலாம். அந்த 2004-ல அவனுக்கு 232 வாக். ஆன்-பேஸ் .609, அதாவது வந்து நின்ன பத்துல ஆறு தடவை பேஸுக்குப் போயிட்டான். 617 ப்ளேட் அப்பியரன்ஸ்ல 232-னா 37.6%, எந்த அளவுகோல்லயும் அடங்காது.

ஆனா அந்த 232-ல 120 இன்டென்ஷனல் வாக், எதிர் டீம் மேனேஜர் பயந்துபோய் வேணும்னே அனுப்பினது. அது அவன் கண்ணோட திறமை இல்ல, எதிராளியோட முடிவு. கேம்லயும் எதிர் டீம் ஏஐ பவரைப் பாத்து இன்டென்ஷனல் வாக் குடுக்கும்னா, அதையும் ஐ ரேட்டிங்ல சேத்தா திரும்பவும் ரெட்டைக் கூலி. 120-ஐ ரெண்டு பக்கமும் கழிச்சா 497-க்கு 112, 22.5%. இப்பவும் மலைதான், ஆனா 99-க்குள்ள அடக்கலாம். அப்புறமும் தாண்டினா 99-ல நிறுத்துங்க, அவனுக்காக மத்தவங்க எல்லாரையும் கீழ அமுக்காதீங்க. ஒரு ஆளுக்காக ஸ்கேலை நீட்டினா மீதி எழுநூறு பேரும் 40-க்கும் 55-க்கும் நடுவுல நெருக்கியடிச்சு நிப்பாங்க, யாருக்கும் யாருக்கும் வித்தியாசமே தெரியாது.

கே: எல்லாம் சரியா போட்டும் சிமுலேட் பண்ணா எல்லாரும் சராசரி ஆளாவே ஆடறாங்க. ஏன்?

ஏன்னா பேட்டர் ரேட்டிங் மட்டும் முடிவு பண்றதில்ல, எதிர்ல பிட்சரும் இருக்கான். இதைப் புரிஞ்சுக்க கம்ப்யூட்டரை விட டைஸ் கேம்தான் நல்லது. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்னு 1961-ல ஹால் ரிச்மன் ஆரம்பிச்ச கேம், மூணு டைஸ் உருட்டணும். முதல் டைஸ்ல 1, 2, 3 விழுந்தா பேட்டர் கார்டைப் பாக்கணும், 4, 5, 6 விழுந்தா பிட்சர் கார்டை. ஆக பாதி தடவை பேட்டர் கார்டு பக்கமே போறதில்ல.

டன் நிஜத்துல 28.6% ஸ்ட்ரைக்அவுட். லீக் சராசரி 17% பக்கம். கார்டுலயும் 28.6-ன்னே எழுதினா, பாதி அவன் கார்டுலேருந்து, பாதி சராசரி பிட்சர் கார்டுலேருந்து வந்து, மொத்தம் 23% கிட்ட நின்னுடும். 28.6 வரணும்னா அதை ரெண்டால பெருக்கி 17-ஐ கழிச்சு கார்டுல 40% எழுதணும். பாண்ட்ஸுக்கு இதே கணக்கு போடுங்க, 13.2-ல 17-ஐ கழிச்சா மைனஸ்ல போகுது! மைனஸ் ஸ்ட்ரைக்அவுட் எங்கயும் கிடையாது, பூஜ்யத்துல நிறுத்திட்டு கொஞ்சம் தப்போட வாழவேண்டியதுதான்.

ரேட்டிங் முழுக்க இந்தக் கதைதான். ஸ்டாட் ஆட்டம் முடிஞ்சப்புறம் வந்த விளைவு, ரேட்டிங் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க எஞ்சினுக்கு குடுக்கற சரக்கு. ரெண்டும் ஒரே நம்பரா இருக்கணும்னு அவசியமே இல்ல. விளைவு சரியா வர்ற வரைக்கும் சரக்கை மாத்தணும். வீடியோ கேம்ல எஞ்சின் உள்ள என்ன கணக்கு போடுதுன்னு வெளிய தெரியாது, அதனால ஒரே ஆளை ரேட்டிங் 50, 70, 90-னு மூணு நகல் எடுத்து சிம் ஓட விட்டு என்ன வருதுன்னு குறிச்சு வச்சுக்கோங்க. அந்த மூணு புள்ளி கிடைச்சா நடுவுல உள்ளதை நீங்களே கோடு போட்டுக்கலாம்.

கே: பத்து இருவது அட்-பேட் மட்டும் ஆடினவனுக்கு?

ஜான் பாசியோரக்னு ஒருத்தர், 1963 செப்டம்பர் 29 அன்னிக்கு ஹூஸ்டனுக்காக ஒரே ஒரு மேட்ச் ஆடினார். மூணு அட்-பேட், மூணும் ஹிட், கூடவே ரெண்டு வாக். அப்புறம் முதுகு பிரச்சனை, பெரிய லீக்ல திரும்ப ஆடவே இல்ல. வாழ்நாள் ஆவரேஜ் 1.000. நேரடியா மாத்தினா இச்சிரோவை விட பெரிய பேட்டர்.

வழி என்னன்னா, எல்லாருக்கும் கொஞ்சம் சராசரி ஆட்டத்தைக் கலந்து விடறது. ஆவரேஜ்னா ஒரு 900 அட்-பேட் லீக் சராசரியை எல்லாருக்கும் சேத்துடுங்க. 1963 நேஷனல் லீக் ஆவரேஜ் .245 பக்கம், அப்ப பாசியோரக் 903-க்கு சுமார் 223 ஹிட், .247. ஐயோ பாவம்னு தோணும், ஆனா மூணு அட்-பேட் நமக்கு சொல்ற விஷயம் அவ்ளோதான். ஸ்ட்ரைக்அவுட்டுக்கு 900 தேவையில்ல, 60 சேத்தா போதும், ஒருத்தன் ஸ்ட்ரைக்அவுட் ஆற ஆளா இல்லையான்னு ரெண்டு மூணு வாரத்துலயே தெரிஞ்சுடும். வாக்குக்கு ஒரு 120. லெஃப்ட் ஹேண்ட் பிட்சருக்கு எதிரா தனியா, ரைட் ஹேண்டுக்கு எதிரா தனியான்னு கேம் கேட்டா இன்னும் தாராளமா கலக்கணும், ஏன்னா ஒரு சீசன்ல லெஃப்டிக்கு எதிரா கெடைக்கறது நூத்தம்பது தடவை இருந்தாலே அதிகம்.

கே: ஒரே சீசனா, இல்ல மொத்த கேரியரா?

2004 சீசனை திரும்ப ஆடணும்னா 2004 மட்டும், முன்ன பின்ன பாக்காதீங்க. வரப்போற சீசனுக்கு ராஸ்டர்னா மூணு வருஷம் எடுங்க. பேஸ்பால் புள்ளிவிவரம் பாக்கற டாம் டாங்கோ, அடுத்த சீசனைக் கணிக்கறதுக்குப் போட்ட மார்செல் முறை இருக்கு, கடைசி வருஷத்துக்கு 5, அதுக்கு முன்னாடி 4, அதுக்கும் முன்னாடி 3-னு வெயிட், கூட 1200 ப்ளேட் அப்பியரன்ஸ் லீக் சராசரி, 29 வயசைத் தாண்டினா கொஞ்சம் குறை, கீழ இருந்தா கொஞ்சம் கூட்டு. குரங்கு கூட போடலாம்னு சொல்லித்தான் குரங்கு பேரையே வச்சார். பெரிய பெரிய கணக்கெல்லாம் இதை ஜெயிக்கறது ரொம்ப கொஞ்சம்தான்.

கே: 1968 பிட்சரையும் 2000 பிட்சரையும் ஒரே டீம்ல போடணும். யாருக்கு 99?

பாப் கிப்சன் 1968-ல ஈஆர்ஏ 1.12. பெட்ரோ மார்டினஸ் 2000-ல 1.74. நம்பரை மட்டும் பாத்தா கிப்சன். ஆனா 1968-ல எல்லா பிட்சரும் ராஜா, கிப்சன் ஆடின நேஷனல் லீக் சராசரியே 2.99, அமெரிக்கன் லீக்ல பேட்டிங்ல முதல் இடம் பிடிச்ச யஸ்ட்ரெம்ஸ்கி ஆவரேஜே .301-தான். இது தாங்காதுன்னு அடுத்த வருஷம் பிட்சர் நிக்கற மேட்டை 15 இன்ச்லேருந்து 10 இன்ச்சா குறைச்சாங்க. பெட்ரோ ஆடின 2000 அமெரிக்கன் லீக் சராசரி 4.9. சராசரியோட வகுத்துப் பாருங்க, கிப்சன் 37%, பெட்ரோ 35%. ஒரு முடி பெட்ரோ முன்னாடி. வேற காலத்து ஆளுங்களை சேக்கும்போது எப்பவும் அவங்கவங்க லீக், அவங்கவங்க வருஷத்தோட ஒப்பிட்டு அப்புறம் ரேட்டிங். 1920-ல பேப் ரூத் அடிச்ச 54 ஹோம் ரன், அவர் டீமைத் தவிர அமெரிக்கன் லீக்ல எந்த முழு டீமும் அடிக்கல. 54-ங்கற நம்பரை இன்னிக்கு 54-ஆ எண்ணினா அந்த மனுஷனுக்கு அநியாயம்.

கே: பிட்சருக்கு ஈஆர்ஏ வச்சு ரேட்டிங் போடலாமா?

வேணாம். இப்பதான் ஈஆர்ஏ வச்சு ஒப்பிட்டேன், அது யாரு பெரியவன்னு பாக்க. ரேட்டிங் போட அதுவும் குழம்புதான். 2001-ல வோரோஸ் மெக்ராக்கன் ஒரு விஷயம் எழுதி பேஸ்பால் உலகத்தையே கிளப்பி விட்டார்: பந்து மைதானத்துக்குள்ள விழுந்தப்புறம் அது ஹிட் ஆகுதா இல்லையாங்கறதுல பிட்சர் கைல ரொம்ப கொஞ்சம்தான் இருக்கு. பெட்ரோவையே பாருங்க, 1999-ல உள்ள விழுந்த பந்துல ஹிட் ஆனது .320-க்கு மேல, மறுவருஷம் .240-க்கு கீழ. அதே ஆள், அதே கை. ரெண்டு வருஷமும் பின்னாடி நின்னவங்களும் அதிர்ஷ்டமும் சேந்த கணக்கு அது.

அதனால ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன் மூணையும் முழுசா நம்புங்க, ஹிட்டை முக்கால்வாசி லீக் சராசரிக்கு இழுத்துடுங்க. கன்ட்ரோல் ரேட்டிங்குக்கு உச்சம் யாருன்னு கேட்டா கிரெக் மேடக்ஸ் 1997: 232 இன்னிங்ஸுக்கு மேல வீசி 20 வாக், அதுலயும் 6 வேணும்னே குடுத்தது. நீங்க போடற 99 அவரைத் தாண்டக் கூடாது.

கே: டென்வர் மாதிரி மைதானம்?

கடல் மட்டத்துலேருந்து ஒரு மைல் உயரம், காத்து லேசு, பந்து பறக்கும். கேம்லயே மைதான எஃபெக்ட் இருந்தா ரேட்டிங்லேருந்து அதைக் கழிச்சுடுங்க, இல்லைன்னா திரும்ப அதே ரெட்டைக் கூலி. பாதி மேட்ச் வெளியூர்லங்கறதால பாதியைத்தான் கழிக்கணும். அதுக்காக கொலராடோ (டென்வர் டீம்) ஆளுன்னாலே கை வைக்காதீங்க, லாரி வாக்கர் 1997-ல அடிச்ச 49 ஹோம் ரன்ல 29 வெளியூர்ல.

கே: ஃபீல்டிங்?

தலைவலி. எரரை (பிடிக்க வேண்டிய பந்தைக் கோட்டை விடறது) மட்டும் வச்சு போட்டா, பந்துகிட்ட போகவே முடியாதவன் எரரும் பண்ண மாட்டான், அவனுக்கு 95 விழும். டெரிக் ஜீட்டர் 2010-ல வெறும் 6 எரர், நல்ல ஃபீல்டருக்கு குடுக்கற கோல்ட் குளோவ் அவார்டும் குடுத்தாங்க, ஆனா எவ்ளோ தூரம் போய் பிடிக்கறான்னு அளக்கற கணக்கெல்லாம் அந்த வருஷம் அவனை சராசரிக்கு கீழதான் காட்டுச்சு. கையும் ரேஞ்சும் வேற வேற. கேம்ல ரெண்டு கட்டம் இருந்தா எரருக்கு ஒண்ணு, ரேஞ்சுக்கு ஒண்ணு, ஜீட்டருக்கு கை 90 ரேஞ்ச் 40-னு போட்டா யாங்கீஸ் ரசிகன் திட்டுவான், திட்டட்டும். அவார்டை வச்சு மட்டும் போடவே போடாதீங்க, ரஃபேல் பல்மேரோ 1999-ல ஃபர்ஸ்ட் பேஸ்ல நின்னது 28 மேட்ச், அதுக்கும் கோல்ட் குளோவ் குடுத்தாங்க.

கே: ஸ்பீடுக்கு ஸ்டோலன் பேஸ் போதுமா?

போதாது. பிட்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிடறதுதான் ஸ்டோலன் பேஸ், அதாவது திருடறது. அதுக்கு கால் மட்டும் இல்ல, துணிச்சலும் மேனேஜர் அனுமதியும் வேணும். ரிக்கி ஹெண்டர்சன் 1982-ல 130 திருடினார், 42 தடவை மாட்டினார். 172 தடவை முயற்சி பண்ணதை முயற்சி ரேட்டிங்குக்கு வைங்க, நாலுல மூணு ஜெயிச்சதை திருடற திறமைக்கு வைங்க, ஓட்டத்துக்கு தனியா பாருங்க. 2015-லேருந்து ஸ்டாட்காஸ்ட்ங்கற அளக்கற சிஸ்டம் இருக்கறதால இப்போதைய ஆளுங்க ஓட்டம் நேரடியாவே கெடைக்குது, செகண்டுக்கு 27 அடி சராசரி, 30 அடின்னா பறவை. அதுக்கு முன்னாடி ஆளுன்னா ட்ரிபிள் (ஒரே அடில மூணாவது பேஸ் வரைக்கும் ஓடறது) எத்தனை, டபுள் ப்ளேல (ஒரே பந்துல ரெண்டு அவுட்) எவ்ளோ மாட்டினான்னு பாத்து யூகிக்கணும். ரொம்ப பழசுன்னா மாட்டின கணக்கே இருக்காது, நேஷனல் லீக்ல 1951-லேருந்துதான் ஒழுங்கா எழுதினாங்க.

கே: கிளட்ச் (இக்கட்டான நேரத்துல அடிக்கற திறமை) ரேட்டிங்?

எல்லாருக்கும் 50. அடுத்த கேள்வி.

கே: டேட்டா எங்க கெடைக்கும்?

லாமன் டேட்டாபேஸ் இலவசம், 1871-லேருந்து இருக்கு, ஸ்ப்ரெட்ஷீட்ல அப்படியே திறக்கலாம். ஒரு மேட்ச்ல ஒவ்வொரு பேட்டருக்கும் என்ன ஆச்சுன்னு வரிசையா வேணும்னா ரெட்ரோஷீட். ஒருத்தரை மட்டும் பாக்க பேஸ்பால் ரெஃபரன்ஸ். நம்பருக்கு யார்கிட்டயும் அனுமதி வேணாம், பேருக்குத்தான் லைசென்ஸ் தகராறு. சூப்பர் நின்டென்டோல 1994-ல வந்த கென் கிரிஃபி கேம்ல கிரிஃபியைத் தவிர எல்லாருக்கும் பொய்ப் பேரு, ஸ்டாட்ஸ் நிஜம். எம்விபி பேஸ்பால் 2005-ல பாண்ட்ஸ் லைசென்ஸுக்கு வெளிய இருந்ததால சான் பிரான்சிஸ்கோ லெஃப்ட் ஃபீல்டுல ஜான் டௌட்னு ஒருத்தன் நிப்பான், பேர் வேற, அடி அதே அடி. பேரை மறைச்சாலும் ரேட்டிங் காட்டிக் குடுத்துடுச்சு.

கே: எப்ப சரியாயிடுச்சுன்னு நிறுத்தறது? நான் ஒரு மாசமா ஒரே ஆளை மாத்திட்டு இருக்கேன்.

ஒரு சீசனை ஒரு தடவை சிம் பண்ணிட்டு மாத்தறீங்களா? அதான் பிரச்சனை. நிஜமாவே .270 பேட்டர் 550 அட்-பேட் ஆடினா வெறும் அதிர்ஷ்டத்துலயே 19 பாயின்ட் மேலயோ கீழயோ போறது சகஜம். .251 அடிச்சாலும் .289 அடிச்சாலும் உங்க ரேட்டிங்ல தப்பே இல்லாம இருக்கலாம். நீங்க ஒரு மாசமா தொரத்தினது அந்த 19-ஐத்தான். இருவது சீசன் ஓட விட்டு சராசரி எடுங்க, அந்த ஏற்ற இறக்கம் 4 பாயின்ட்டா சுருங்கிடும். அதுக்கப்புறமும் பத்து பாயின்ட் தள்ளி நின்னா ரேட்டிங்ல ரெண்டு கூட்டுங்க இல்ல குறைங்க. நாலு அஞ்சு பாயின்ட்தான்னா ஃபைலை சேவ் பண்ணிட்டு அடுத்த ஆளுக்குப் போங்க, இன்னும் எழுநூறு பேர் காத்துட்டு இருக்காங்க.